ஒப்பந்தமின்றி எழுந்த கான்கிரீட்

புதுச்சேரிக்கு வருபவர்கள் படமெடுத்துச் செல்பவை பெரும்பாலும் மஞ்சள் சுவர்களும் அவற்றின்மேல் சரியும் காகிதப்பூக் கொடிகளும்தான். வெள்ளை நகரின் வடபகுதியில், கடலிலிருந்து சில தெருக்கள் தள்ளி நிற்கும் ஒரு சாம்பல் நிறக் கட்டிடத்தை அவர்கள் கவனிப்பதில்லை. அதில் தூண் வரிசை இல்லை, வளைவு இல்லை, வண்ணப்பூச்சும் இல்லை. வெற்றுக் கான்கிரீட்டும், முகப்பு முழுவதும் கிடைமட்டமாக அடுக்கிய திறந்து மூடும் பலகைகளும் மட்டுமே. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டா அது. 1937இல் வேலை தொடங்கி, உலகப் போரின் தட்டுப்பாடுகளுக்கிடையே மெல்ல மெல்ல வளர்ந்து, 1940களின் முற்பாதியில் முடிந்தது. கம்பி கட்டி, வார்த்து எழுப்பிய கான்கிரீட்டில் நவீன பாணியில் இந்தியாவில் எழுந்த முதல் கட்டிடங்களுள் ஒன்றாக வரலாற்றாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

உள்ளே செல்ல வெளியாருக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. நானும் அதைப் பெரும்பாலும் தெருவில் நின்று பார்த்தவன்தான். எண்பது ஆண்டுகளாக அதே உப்புக்காற்றைச் சுவாசிக்கும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில், இருபத்தைந்து வயதுகூட ஆகாத வீடுகளின் சன்ஷேடுகளிலிருந்து காரை உதிர்ந்து துருக்கம்பி பல்லிளிப்பதைக் காண்கிறேன். இரண்டும் சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர், கம்பி ஆகியவற்றால் ஆனவையே. பிறகு ஏன் இந்த வேறுபாடு? கோல்கொண்டாவை வடிவமைத்த அன்டோனின் ரேமண்டின் வாழ்க்கையைப் படித்தபோது அதற்கு விடை கிடைத்தது. நான் எதிர்பார்த்த விடை அல்ல அது. திறமையான கட்டிடக் கலைஞரின் கட்டிடம் நிலைக்கும் என்று சொல்லி முடித்துவிட அவருடைய வாழ்க்கை இடம் தரவில்லை.

ரேமண்ட் 1888இல், அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பகுதியாக இருந்த பொஹீமியாவின் கிளாட்னோ நகரில் பிறந்தார். பிராக் நகரில் கட்டிடக்கலை பயின்று, 1910இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் காஸ் கில்பர்ட்டின் அலுவலகத்தில், அன்றைய உலகின் மிக உயரமான கட்டிடமாகவிருந்த வுல்வொர்த் கோபுரப் பணியில் ஈடுபட்டார். 1914இல் நோயெமி பெர்னெஸ்ஸன் என்ற பிரெஞ்சு ஓவியரை மணந்தார். பிற்காலத்தில் அவர் கட்டிய வீடுகளின் உட்புறங்களையும் அறைகலன்களையும் துணிகளையும் வடிவமைத்தவர் நோயெமி. நூல்களில் அவர் பெயர் கணவரின் நிழலில் சுருங்கிவிட்டது வேறு கதை.

1919இன் இறுதியில் பிராங்க் லாய்டு ரைட், டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் பணிக்காக ரேமண்ட் தம்பதியைத் தம்முடன் ஜப்பானுக்கு அழைத்துச் சென்றார். ஓராண்டுக்குள்ளாகவே ரேமண்டுக்கு அந்த வேலை கசந்தது. அந்நாட்டின் தட்பவெப்பத்துக்கும் வாழ்க்கைக்கும் ஒட்டாத அலங்காரத்தைக் கல்லில் செதுக்கி அடுக்குவதாக அது அவருக்குத் தோன்றியது. ரைட்டைப் பிரிந்து டோக்கியோவிலேயே தனி அலுவலகம் தொடங்கினார்.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவையும் யோகோஹாமாவையும் நிலநடுக்கம் தாக்கியது. இடிபாட்டிலும் தொடர்ந்து பரவிய தீயிலும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அதன் பிறகு ரேமண்ட் தமக்கென ரெய்னான்சாக்கா என்ற இடத்தில் கட்டிக்கொண்ட வீடு, பூச்சே பூசாமல் விட்ட கான்கிரீட் வீடு. உலகில் அவ்வகையில் அமைந்த தொடக்ககால வீடுகளுள் ஒன்று. பூச்சில்லாமல் விடுவது சிக்கனம் அன்று. பூசி மறைக்க வழியில்லை என்றால் சென்ட்ரிங் பலகை துல்லியமாக இருக்க வேண்டும். இடுக்கில் பால் ஒழுகக் கூடாது. கலவை இடைவெளியின்றி இறங்க வேண்டும். ஜப்பானில் அது ரேமண்டுக்குச் சாத்தியமானதற்குக் காரணம் அங்கிருந்த தச்சர்கள். தலைமுறை தலைமுறையாகக் கோயில்களையும் வீடுகளையும் மரத்தில் இழைத்தவர்கள், இப்போது கான்கிரீட்டை வார்க்கும் மரப்பெட்டியை அதே கையால் செய்தார்கள். பலகையின் மர இழை கான்கிரீட்டின்மேல் பதிந்து நின்றது.

நம் ஊரில் சென்ட்ரிங் பிரித்ததும் முதலில் வருபவர் பூச்சு வேலைக்காரர். தேன்கூடு போல் ஜல்லி தெரியும் இடங்களையெல்லாம் ஒரு மதியத்துக்குள் சிமெண்ட் பாலால் தடவி மூடிவிடுவார்கள். வீட்டுக்காரர் மாலையில் வந்து பார்க்கும்போது தூண் பளபளவென்றிருக்கும். அந்தத் தூணின் ஆயுள் அந்த மதியத்திலேயே பாதியாகிவிட்டது என்பது இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

ரேமண்டின் டோக்கியோ அலுவலகம் 1930களில் ஒரு பள்ளிக்கூடமாகவே ஆனது. பின்னாளில் ஜப்பானின் முதல்வரிசைக் கட்டிடக் கலைஞர்களான குனியோ மயேகாவாவும் ஜுன்சோ யோஷிமுராவும் அங்கே பணியாற்றியவர்கள். 1934இல் வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். புதுச்சேரியின் அழைப்பும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் வந்தது.

அழைத்தவர் பிலிப் பார்பியே சேன்-இலேர். ஆசிரமத்தில் அவருக்குப் பவித்ரா என்று பெயர். பிரான்சில் பொறியியல் படித்தவர். 1920களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் ஜப்பானில் இருந்தவர். 1925இல் புதுச்சேரிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஸ்ரீ அன்னையும் 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். பெருகிவந்த ஆசிரமவாசிகளுக்கு ஒரு விடுதி தேவைப்பட்டபோது, டோக்கியோவிலிருந்த ரேமண்டை அவர்கள் நாடியது இந்தப் பழைய தொடர்பினால்தான். ஐதராபாத் அரசின் திவானாகவிருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியில் ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த நன்றியில்தான் கட்டிடத்துக்கு வைரச் சுரங்கப் புகழ்பெற்ற கோல்கொண்டாவின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்புடன், சூட்டப்பட்டது.

முதலில் நகாஷிமா வந்தார். அவருக்கு ஸ்ரீ அரவிந்தர் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். ஜப்பான் சீனாவின்மேல் படையெடுத்து, டோக்கியோவில் அயலாருக்குச் சூழல் இறுகியபோது, 1938இன் தொடக்கத்தில் ரேமண்ட் தம் குடும்பத்துடன் ஜப்பானைவிட்டு வெளியேறிப் புதுச்சேரிக்கு வந்து சில மாதங்கள் ஆசிரமத்தில் தங்கினார். செக் நாட்டவரான பிரான்டிஷெக் சாம்மரும் வந்து சேர்ந்தார். பாரிசில் லெ கொர்புசியேயிடம் வேலை பார்த்தவர் அவர். உலகின் நான்கு மூலைகளில் தேர்ந்த கைகள் அன்று ஒரு பிரெஞ்சுக் குடியேற்ற நகரின் சிறு மனையில் கூடியிருந்தன.

கட்டியவர்கள் யார் என்பதுதான் வியப்பு. கட்டுமான நிறுவனம் எதுவும் இல்லை. பெரும்பாலும் இதற்கு முன் சாந்துச்சட்டியைத் தொட்டிராத ஆசிரமவாசிகளும், உள்ளூர்க் கூலித் தொழிலாளர்களும். கட்டிட வரைபடத்தைப் பற்றியும் அன்றன்றைய வேலையைப் பற்றியும் ஸ்ரீ அன்னையே நேரில் கேட்டறிந்து முடிவெடுத்தார். எப்போது முடிக்க வேண்டும், எவ்வளவுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லை; ஒப்பந்தப் பத்திரமும் இல்லை. டோக்கியோவில் சிறந்த ஒப்பந்தக்காரர்களோடு பல்லாண்டு பழகிய ரேமண்ட், இந்தப் புதுச்சேரி மாதங்களைத் தம் தன்வரலாற்றில் மிகுந்த நெகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்திருக்கிறார். தொழில்முறைக் கட்டுமானத்தில் தாம் கண்டிராத ஒன்றை இங்கே கண்டதாக அவர் கருதினார்.

கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் போன்ற பித்தளைப் பொருள்கள் ஆசிரமத்திலேயே வார்க்கப்பட்டன. அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள் உருக்கப்பட்டன. பொறியாளர் உதார் பிண்டோ இதற்கென்றே ஒரு பட்டறையை அமைத்தார். கதவுகளுக்குத் தேக்கு, தரைக்குக் கருங்கடப்பைக் கல், உட்சுவருக்குச் சங்குச் சுண்ணாம்பின் வழுவழுப்பான பூச்சு. வெளியே உலகத்தின் மிகப் புதிய பொருளும், உள்ளே செட்டிநாட்டுக் கொத்தனாரும் அடையாளம் கண்டுகொள்ளும் மிகப் பழைய பொருளும் இருக்கும் கட்டிடம் இது.

வெயிலைக் கையாண்ட விதம் தனியாகச் சொல்லத்தக்கது. கட்டிடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. நடைவழி வடக்கில், அறைகள் தெற்கில். இரு பக்கத்திலும் சன்னலுக்குப் பதில், ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்த திருப்பக்கூடிய பலகைகள். இன்று அந்தப் பொருளை யாரும் பரிந்துரைக்கமாட்டார்கள்; அன்று அதன் தீங்கு பரவலாக அறியப்பட்டிருக்கவில்லை. அறையின் கதவோ சட்டங்கள் இடைவெளிவிட்டு அமைந்த தேக்குக் கதவு. மூடினாலும் காற்று புகும். மேலே கான்கிரீட் தளம். அதன்மேல் இடைவெளிவிட்டு, முன்வார்த்த வளைந்த கான்கிரீட் ஓடுகள். ஏப்ரல், மே மாத வெயில் ஓட்டைத் தாக்கும். சூடேறிய காற்று இடைவெளியில் வெளியேறும். தளம் நிழலில் இருக்கும். மொட்டைமாடியில் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கும் நமக்கு, நிழல் கொடுத்தால் வீடு மட்டுமல்ல, கான்கிரீட்டும் குளிர்ந்து நீடிக்கும் என்பது தோன்றுவதில்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில்தான் மயிரிழை வெடிப்புகள் பிறக்கின்றன. அவற்றின் வழியேதான் ஐப்பசி மழை உள்ளே இறங்குகிறது.

உப்புக்காற்று என்ன செய்கிறது என்பதையும் இங்கே விளக்கிவிடுவது நல்லது. நல்ல கான்கிரீட் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப்படலத்தை உண்டாக்குகிறது. கடற்காற்றின் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டும்போது அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. உள்ளிருந்து அது நெட்டும்போது கான்கிரீட் பாளம் பாளமாகப் பிளந்து விழுகிறது. ஆக, கம்பிக்கும் காற்றுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது, அது எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற இரண்டே கேள்விகள்தாம் கடலோர வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டுக்கு எம்30 தரமும், 45 மில்லிமீட்டர் மூடாக்கும் கேட்கிறது. கலவைக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுநீர் உவர்ப்பாகிக்கொண்டிருப்பது குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டால் எதிரியை நாமே உள்ளே வைத்துச் சுவர் எழுப்பியதாகும்.

நடப்பது என்ன? சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, லேபர் கான்ட்ராக்டாகவோ பொருளோடு சேர்த்தோ வேலையை விடுகிறோம். பேச்சு முழுவதும் டைல்ஸ், குழாய், மின்விசிறிக் கொக்கி பற்றியே நடக்கிறது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பார்களா, அல்லது கையில் கிடைத்த ஜல்லித்துண்டைத் தள்ளிவிடுவார்களா என்று யாரும் கேட்பதில்லை. கலவை இறுக்கமாக இருக்கிறதென்று சித்தாள் சிரமப்பட்டால் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகச் சேர்கிறது. தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும்; சாதாரண சிமெண்டானால் குறைந்தது ஏழு நாள், இன்று பெரும்பாலும் விற்கும் சாம்பல் கலந்த சிமெண்டானால் பத்து நாளுக்குக் குறையாமல். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஆனால், தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பது எந்த ஒப்பந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. எங்கள் பகுதியில் நான் பார்த்த ஒரு வீட்டில் கான்ட்ராக்டர் வீட்டுக்காரர் ஊற்றுவார் என்றிருந்தார். வீட்டுக்காரர் வாட்ச்மேன் ஊற்றுவார் என்றிருந்தார். வாட்ச்மேனிடம் யாரும் சொல்லவேயில்லை. சித்திரை மாதம் அது.

மேஸ்திரிகளை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. குறைந்த விலையைச் சொன்னவருக்கே வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் எதில் மிச்சம் பிடிப்பார் என்று யோசிக்காதது நாம். தூணுக்குள் மறைந்துவிடும் பொருளில்தான் மிச்சம் பிடிக்க முடியும். கோல்கொண்டாவில் கெடுவும் தொகையும் குறித்த பத்திரம் இல்லாதது எல்லோருக்கும் கிட்டும் வசதியல்ல. கடன் தவணை கட்டும் குடும்பம் எட்டு ஆண்டு காத்திருக்க முடியாது. எதை எழுதவேண்டும் என்று தெரிந்து எழுதப்பட்ட ஒப்பந்தமே நமக்குக் கைகூடும். கலவை விகிதம், மூடாக்கின் அளவு, வைப்ரேட்டர், தண்ணீர் ஊற்றும் நாள்களும் ஆளும், வார்க்கும் நாளில் எடுக்கும் கனச்சதுர மாதிரிகளின் சோதனை, சென்ட்ரிங் பிரித்தபின் பூசுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தவணை. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

ரேமண்ட் கோல்கொண்டா முடியும்வரை இங்கே இருக்கவில்லை. 1938இலேயே புறப்பட்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் ஒரு பண்ணையில் குடியமர்ந்தார். 1939இல் நகாஷிமாவும் சென்றார். சாம்மர் 1942வரை தங்கி வேலையை நடத்திவிட்டுப் போருக்குப் போனார். எஞ்சியதை ஆசிரமத்தவரே முடித்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகள்தாம் ரேமண்டின் வாழ்க்கையில் எளிதில் கடந்துபோக முடியாதவை. 1943இல் அமெரிக்க ராணுவம் யூட்டா மாநிலத்தின் டக்வே பாலைவனத்தில், எரிகுண்டுகளைச் சோதிக்க ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பின் மாதிரியைக் கட்டியது. மர வீடுகளை, உள்ளே விரிக்கும் பாய் முதற்கொண்டு, உண்மைக்கு நிகராக வடிவமைத்துக் கொடுத்தவர் ரேமண்ட். பதினெட்டு ஆண்டுகள் தமக்குச் சோறிட்ட நாட்டின் வீடு எப்படி எரியும் என்பதைக் காட்டித் தந்தவர் அவர். 1945 மார்ச்சில் டோக்கியோ ஒரே இரவில் எரிந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். போரை விரைந்து முடிக்கவே செய்ததாகவும், அது தமக்கும் மனைவிக்கும் எளிதாக இருக்கவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் விளக்கினார். அதே 1943இல்தான், ஜப்பானியர் என்ற ஒரே காரணத்துக்காக மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டிருந்த நகாஷிமாவுக்குப் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்து தம் பண்ணையில் வைத்துக்கொண்டார். இந்த இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். விளக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் என் மனம் இன்றும் ஒரு பக்கம் சாயவில்லை.

போர் முடிந்ததும் ஜப்பானுக்குத் திரும்பினார். 1951இல் டோக்கியோவில் அவர் கட்டிய ரீடர்ஸ் டைஜஸ்ட் கட்டிடம் போருக்குப் பிந்தைய ஜப்பானிய நவீனக் கட்டிடக்கலையின் முன்னோடி என்று கொண்டாடப்பட்டது. 1963இல் அது இடிக்கப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகள். கான்கிரீட்டில் குறையில்லை; நிலத்தின் விலை ஏறிவிட்டது. ரெய்னான்சாக்கா வீடும் இன்று இல்லை. தேர்ந்த தச்சர்கள் வார்த்த சுவர்கள் போயின. ஒப்பந்தக்காரரே இல்லாமல் வார்த்த புதுச்சேரிச் சுவர்கள் நிற்கின்றன. தகாசாகி நகரில் மக்களின் நன்கொடையும் சேர்ந்து 1961இல் எழுந்த இசை அரங்கமும் நிற்கிறது. மடித்த காகிதம்போல் கான்கிரீட்டை மடித்துக் கட்டியது அது. 1973இல் தன்வரலாற்றை வெளியிட்டு, தொழிலைவிட்டு நியூ ஹோப் திரும்பிய ரேமண்ட் 1976இல் காலமானார்.

கோல்கொண்டாவின் ஆயுளுக்கு ரேமண்டைப்போலவே இன்னொருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். உதார் பிண்டோவின் மனைவி மோனா பிண்டோ. ஆங்கிலேயப் பெண்மணி. பல பத்தாண்டுகள் இந்த விடுதியின் பொறுப்பு அவர் கையில் இருந்தது. கட்டிடக்கலை வரலாற்று நூல்கள் அவரை ஒரு வரிக்குமேல் பொருட்படுத்துவதில்லை. தங்குபவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய கண்டிப்பான விதிகள், அன்றாடத் துடைப்பு, பித்தளைக்கு மெருகு, மரத்துக்கு எண்ணெய், தேய்ந்ததற்கு அதே அளவில் மாற்று. புதுப்பிக்கிறோம் என்று எதையும் பெயர்த்தெடுக்காத பிடிவாதம். ஒரு விரிசல் நகம் நுழையும் அளவில் இருக்கும்போதே யாரோ ஒருவர் கண்ணில் படுவதற்கு, அந்தச் சுவரைத் தினமும் யாரோ ஒருவர் துடைக்க வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் அதைப் பார்ப்பது யார்? ஏ.சி. பெட்டியின் நீர் சன்ஷேடின்மேல் ஆண்டுக்கணக்கில் சொட்டுகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து சுவரில் பச்சைக் கோடு விழுகிறது. வடிகுழாயின் வாயை அரசிலை அடைக்கிறது. வெடிப்பில் அரசங்கன்றே முளைக்கிறது. துருவின் பழுப்புக் கறை முதலில் தெரியும்போது பெயிண்டரை அழைக்கிறோம். பாளம் விழுந்த பிறகு மேஸ்திரி வந்து துருக்கம்பியின்மேலேயே சிமெண்டை அப்பிவிட்டுப் போகிறார். அடுத்த மழைக்காலம்வரைகூட அது தாங்காது. கம்பியின் பின்புறம்வரை கொத்தி எடுத்து, துருவை முழுக்கச் சுரண்டி, இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, காப்புப்பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைப்பதுதான் முறை. செலவு அதிகம் என்பார்கள். சன்ஷேடுக்குக் கீழேதான் தெருப்பிள்ளைகள் நின்று விளையாடுகிறார்கள்.

2014 நவம்பரில் கடற்கரையின் பழைய மேரி கட்டிடம் இடிந்து விழுந்தபோது ஊரே துக்கம் கொண்டாடியது. 2021இல் அது மறுபடியும் எழுந்தது. 2022 மார்ச்சில் பழைய துறைமுகத்தின் கான்கிரீட் பாலம் ஒரு பகுதி கடலில் சரிந்தது. சில நாள் படமெடுத்தோம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய நூற்றைம்பது ஆண்டு வீட்டைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இந்நகரில் இன்று உருவாகியிருக்கின்றன. அதற்காக உழைத்தவர்கள் பலர். ஐம்பது வயதுக் கான்கிரீட் வீட்டைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெயிண்டரின் தொலைபேசி எண்தான் கிடைக்கிறது.